விலைச்சீட்டு சொல்லாத விலை: தொழிற்சாலை மோட்டாரும் கரண்ட் பில்லும்

(எரிசக்தி சேமிப்பு வாரத்தையொட்டி, சிறுதொழில் முனைவோரும் பாலிடெக்னிக் மாணவர்களும் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். செல்பேசியில் படிக்க வசதியாகத் தலைப்புகள் சேர்க்கப்பட்டுள்ளன.)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இன்ஜினியர் கிடையாது. படித்தது இதழியல். அரசுத் திட்டங்களையும் சேவைகளையும் மக்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவதுதான் என் வேலை. இந்த அரங்கில் மோட்டாரைக் கையால் கழற்றி மாட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு மோட்டார் பாடம் எடுக்க நான் வரவில்லை. ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

கரண்டைக் குறைவாக எடுத்து அதே வேலையைச் செய்கிற மோட்டார் இருக்கிறது. நம் மாநிலத்திலேயே தயாராகிறது. அதற்கு இந்தியத் தரநிலை இருக்கிறது, அரசாணையும் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வாங்குகிறவருக்கு லாபம். அப்படி இருந்தும், மோட்டார் கடை கவுன்டரில் நின்றால் காதில் விழும் முதல் கேள்வி என்ன? "இதைவிடக் கம்மி விலைல எதுவும் இருக்கா?" என்பதுதான்.

நல்ல பொருளைத் தயாரிப்பது ஒரு வேலை. அதைச் சந்தைக்குக் கொண்டுவந்து விற்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலை ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது, அதில் வாங்குகிற நமக்கு என்ன பங்கு என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

கோவைக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு

மோட்டார் என்றாலே நமக்குக் கோயம்புத்தூர்தான் ஞாபகத்துக்கு வரும். 1937ல் ஜி.டி. நாயுடு அவர்கள் இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரைக் கோவையில் தயாரித்தார். பஞ்சாலைகளும், கிணற்றுப் பாசனத்துக்கான பம்புகளும் அதற்குத் தேவையை உண்டாக்கின. அப்புறம் ஃபவுண்டரி, ஸ்டாம்பிங், லேத் பட்டறை, காயில் கட்டும் பட்டறை என்று ஒரு தொழிலைச் சுற்றிப் பத்துத் தொழில் வளர்ந்தது. ஒரு மோட்டாரின் உறை ஒரு தெருவில் வார்க்கப்படும், ரோட்டார் இன்னொரு தெருவில் தயாராகும், மூன்றாவது இடத்தில் எல்லாம் சேரும். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இதுதான் சோறு.

மோட்டார் எவ்வளவு கரண்ட் எடுக்கிறது? சர்வதேச எரிசக்தி முகமை 2011ல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகம் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறக்குறைய 45 சதவீதம் மோட்டார் வழியாகத்தான் போகிறது. விளக்கு, கம்ப்யூட்டர், டிவி எல்லாம் அதற்குப் பின்னால்தான். தொழிற்சாலைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் மோட்டாரின் பங்கு இன்னும் அதிகம். பம்பு, ஃபேன், கம்ப்ரசர், கன்வேயர், மாவு மில், நூற்பு இயந்திரம் என்று எதைத் திறந்து பார்த்தாலும் உள்ளே சுற்றுவது மோட்டார்தான்.

நேம்பிளேட்டில் இருக்கிற சின்ன எழுத்து

மூன்று ஃபேஸ் மோட்டாரின் நேம்பிளேட்டில் எச்.பி., வோல்ட், ஆம்பியர், ஆர்.பி.எம். இதையெல்லாம் பார்ப்போம். பக்கத்திலேயே ஐ.இ.2, ஐ.இ.3 அல்லது ஐ.இ.4 என்று ஒரு குறியீடு இருக்கும். அதுதான் திறன் வகுப்பு. எண் கூடக் கூடக் கரண்ட் வீணாவது குறையும்.

10 எச்.பி., அதாவது 7.5 கிலோவாட், நாலு போல் மோட்டாரை எடுத்துக்குங்க. ஐ.இ.1 வகுப்பில் அதன் திறன் 86 சதவீதம். ஐ.இ.2 என்றால் 88.7. ஐ.இ.3 என்றால் 90.4. ஐ.இ.4 என்றால் 92.6. 86 என்றால் என்ன அர்த்தம்? நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 100 யூனிட்டில் 86 யூனிட் வேலை செய்கிறது. மீதி 14 யூனிட் சூடாக வெளியே போகிறது. மோட்டார் மேல் கையை வைத்தால் சுடுகிறதே, அந்தச் சூட்டுக்கும் நாம்தான் பில் கட்டுகிறோம்.

இந்த வீணைக் குறைப்பதில் மாயம் ஒன்றும் இல்லை. ஸ்டேட்டரில் தாமிரத்தை அதிகமாகப் போட வேண்டும். நல்ல ரகச் சிலிக்கான் ஸ்டீலில், மெல்லிய ஸ்டாம்பிங் போட வேண்டும். நல்ல பேரிங் வேண்டும். மோட்டார் அதிகம் சூடாகாததால் பின்னால் இருக்கும் ஃபேனைச் சின்னதாக்கலாம். தாமிரமும் ஸ்டீலும் கூடினால் விலை கூடும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம்

போனை எடுத்து கால்குலேட்டரைத் திறங்க. அந்த 10 எச்.பி. மோட்டார் ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள், முழு லோடில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,600 மணி நேரம். யூனிட் 8 ரூபாய் என்று போட்டுக்கொள்வோம். உங்கள் பில்லில் வேறு கட்டணம் இருந்தால் அதைப் போட்டுக்குங்க.

ஐ.இ.1 மோட்டார் வருடத்துக்குச் சுமார் 31,400 யூனிட் எடுக்கும். ரூபாயில் இரண்டரை லட்சம். நல்லா கவனிங்க. இது ஒரே ஒரு மோட்டாரின் ஒரு வருடக் கரண்ட் செலவு. மோட்டாரின் விலை இதில் ஒரு சின்னப் பங்குதான்.

ஐ.இ.3 மோட்டார் போட்டால் வருடத்துக்குச் சுமார் 1,530 யூனிட் மிச்சம். 12,000 ரூபாய்க்கு மேல். ஐ.இ.2க்கும் ஐ.இ.3க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்த்தாலும் சுமார் 570 யூனிட், அதாவது 4,500 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஐ.இ.3க்கு 5,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு வருடமும் ஒரு மாதமும் போனால் அந்தப் பணம் திரும்ப வந்துவிடும். அதற்கப்புறம் மோட்டார் எத்தனை வருடம் ஓடுகிறதோ, அத்தனை வருடமும் மிச்சம்தான்.

இதே மோட்டார் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஓடினால்? வருடத்துக்கு மிச்சம் 800 ரூபாய்கூட வராது. கொடுத்த 5,000 திரும்ப ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் எல்லா மோட்டாரையும் நாளைக்கே கழற்றிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதிக நேரம் ஓடுகிற மோட்டாரில் இருந்து ஆரம்பிங்க என்றுதான் சொல்கிறேன்.

லாபம் இருந்தும் ஏன் விற்கவில்லை?

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, மோட்டாரை வாங்குகிறவர் ஒருவர், பில் கட்டுகிறவர் வேறொருவர். மாவு மில்லோ, கம்ப்ரசரோ வாங்கும்போது மோட்டார் அதிலேயே மாட்டி வருகிறது. அந்த மோட்டாரைத் தேர்ந்தெடுத்தது இயந்திரம் தயாரிக்கும் கம்பெனி. கொட்டேஷனில் விலை குறைவாக இருந்தால்தான் ஆர்டர் கிடைக்கும் என்பது அவர்கள் கவலை. அடுத்த பத்து வருடம் பில் கட்டப் போவது நீங்கள். ஒரே கம்பெனிக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். கொள்முதல் பிரிவு வாங்கும் விலையில் 3,000 ரூபாய் குறைத்ததற்குப் பாராட்டு வாங்கும். அதனால் கூடிய கரண்ட் செலவு இன்னொரு பிரிவின் கணக்கில் ஏறும்.

இரண்டாவது, பெரும்பாலான மோட்டார்கள் அவசரத்தில்தான் மாற்றப்படுகின்றன. திடீரென்று மோட்டார் எரிந்துவிடுகிறது. ஆர்டர் நிற்கிறது, ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் யாரும் திறன் வகுப்பை ஆராய மாட்டார்கள். பக்கத்துப் பட்டறையில் காயில் கட்டி வாங்குவார்கள், இல்லையென்றால் கடையில் கைக்குக் கிடைத்ததை வாங்குவார்கள். காயில் கட்டுவது தப்பில்லை. பழைய வைண்டிங்கை அளவு மீறிச் சூடு பண்ணாமல் எடுத்து, அதே கனத்தில் அதே அளவு தாமிரம் போட்டுக் கட்டினால் திறனைப் பெருமளவு காப்பாற்றலாம். ஆனால் வைண்டிங்கை எரித்து எடுக்கும்போது சூடு அதிகமானால் ஸ்டாம்பிங் கெட்டுப்போகும். மெல்லிய கம்பி போட்டால் இழப்பு கூடும். மோட்டார் சுற்றும், ஆனால் முன்பைவிட அதிகக் கரண்ட் எடுக்கும். அது பில்லில் தெரியுமே தவிரக் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது காரணம் நம்பிக்கை. நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். ஒரு கிலோ தக்காளியைக் கையில் எடுத்துப் பார்த்தால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். மோட்டாரை அப்படிப் பார்க்க முடியாது. ஐ.இ.3 மோட்டாரும் அதற்குக் கீழே உள்ளதும் பெயின்ட் அடித்து வைத்தால் ஒரே மாதிரி இருக்கும். ஒரு சின்னத் தயாரிப்பாளர் ஒழுங்காகத் தாமிரம் போட்டு, சோதனை செய்து, ஐ.இ.3 என்று தகடு அடித்து விற்கிறார். இன்னொருவர் தாமிரத்தைக் குறைத்துவிட்டு அதே தகட்டை அடித்து 4,000 ரூபாய் குறைவாக விற்கிறார். வாங்குகிறவர் விலையை மட்டும் பார்த்தால் யார் ஜெயிப்பார்? ஒழுங்காகச் செய்தவர் தோற்றுப்போவார். அவரும் ஒரு நாள் தாமிரத்தைக் குறைக்க ஆரம்பிப்பார், இல்லையென்றால் பட்டறையை மூடுவார். அதனால் நாம் கேட்காமல் விடுகிற ஒரு கேள்வியின் விலையை நம் கரண்ட் பில் மட்டும் கட்டவில்லை, நேர்மையான ஒரு பட்டறையும் சேர்ந்து கட்டுகிறது.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. ஐரோப்பாவில் 1998ல் மோட்டார் தயாரிப்பாளர்களும் ஐரோப்பிய ஆணையமும் பேசி ஒரு தன்னார்வ உடன்பாட்டுக்கு வந்தார்கள். மோட்டார்களுக்கு இ.எஃப்.எஃப். 1, 2, 3 என்று முத்திரை போட்டார்கள். சில வருடங்களிலேயே மட்டமான மூன்றாம் வகுப்பு சந்தையில் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. ஆனால் மிகச் சிறந்த முதல் வகுப்பின் விற்பனை பெரிதாக ஏறவில்லை. எல்லாரும் நடுவில் வந்து நின்றுகொண்டார்கள். முத்திரையால் அடிமட்டத்தை ஒழிக்க முடிந்தது, உச்சத்தை விற்க முடியவில்லை.

அப்புறம் சட்டம் கொண்டுவந்தார்கள். 2011 ஜூனில் ஐ.இ.2 கட்டாயமானது. 2015ல் இருந்து படிப்படியாக ஐ.இ.3. 2023 ஜூலையில் இருந்து 75 முதல் 200 கிலோவாட் வரையிலான பெரும்பாலான மோட்டார்களுக்கு ஐ.இ.4. ஒவ்வொரு படிக்கும் முன்கூட்டியே தேதி அறிவித்தார்கள். தயாரிப்பாளர்களுக்கு டை மாற்றவும், இருப்பைக் காலி பண்ணவும் நேரம் கிடைத்தது. அமெரிக்காவும் 1992லேயே சட்டம் போட்டு, ஐந்து வருடம் அவகாசம் கொடுத்து, 1997ல் அமலுக்குக் கொண்டுவந்தது.

இந்தியாவில் எந்த நிலையில் இருக்கிறோம்?

நம் நாட்டில் ஐ.எஸ். 12615 என்ற தரநிலை இருக்கிறது. 2018ல் திருத்தப்பட்ட அந்தத் தரநிலையில் ஐ.இ.2, ஐ.இ.3, ஐ.இ.4 வகுப்புகள் வரையறுக்கப்பட்டுள்ளன. 2017ல் மத்திய அரசு தரக்கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்து, அதன் கீழ் வரும் புது மூன்று ஃபேஸ் மோட்டார்கள் குறைந்தது ஐ.இ.2 ஆக இருக்க வேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு விற்க வேண்டும் என்று சொன்னது. அடிப்படை போட்டாயிற்று. ஆனால் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய மோட்டார்களை ஆணை மாற்றாது. உரிமையாளர் மனசு வைத்தால்தான் மாறும்.

சந்தையை வேறு வழியிலும் அசைக்கலாம் என்பதற்கு எல்.இ.டி. பல்பு நல்ல உதாரணம். மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் 2014ல் மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது ஒரு பல்பு 310 ரூபாய். லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் ஆர்டர் கூடியதும் 2016ல் அது 38 ரூபாய்க்கு வந்தது. இன்றைக்குக் குண்டு பல்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதே நிறுவனம் ஐ.இ.3 மோட்டார்களுக்கும் தேசிய மோட்டார் மாற்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

மோட்டார் ஆனால் பல்பு மாதிரி இல்லைங்க. பல்பை ஹோல்டரில் செருகினால் முடிந்தது. மோட்டாரில் எச்.பி. வேறு, வேகம் வேறு, ஃப்ரேம் அளவு வேறு, பொருத்தும் முறை வேறு. மாற்றுவதற்கு மெஷினை நிறுத்த வேண்டும். அதனால் ஒரே ஒரு பெரிய கொள்முதல் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஊர் ஊராக, பட்டறை பட்டறையாக நடக்க வேண்டிய வேலை இது.

சின்னத் தயாரிப்பாளரின் சிரமத்தையும் சொல்ல வேண்டும். ஐ.இ.3க்கு மாற டிசைன் மாற வேண்டும், சில சமயம் டையே மாற வேண்டும். நல்ல ஸ்டீல் வாங்க முதல் வேண்டும். சோதனைக்கும் உரிமத்துக்கும் செலவு இருக்கிறது. கோவையில் தயாரிப்பாளர்களின் சங்கமே முன்னெடுத்து உருவாக்கிய சிடார்க் போன்ற சோதனைக்கூடங்கள் இருப்பது பெரிய பலம். தனியாகச் சோதனைக் கருவி வாங்க முடியாத பட்டறைக்கு இப்படிப்பட்ட பொது வசதிதான் சந்தைக்குள் போகிற வாசல். ஆனால் அந்தச் செலவைச் செய்தவரின் பொருளை யாராவது கேட்டு வாங்க வேண்டும். கேட்கிற ஆள் இல்லாமல் எந்தச் சந்தையும் உருவாகாது.

உங்கள் போனில் செய்யக்கூடியவை

இனிமேல் சொல்வது நேரடிப் பயன்பாடு.

1. உங்கள் யூனிட்டில் உள்ள ஒவ்வொரு மோட்டாரின் நேம்பிளேட்டையும் போட்டோ எடுங்க. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எத்தனை தடவை காயில் கட்டியது என்று பக்கத்தில் குறித்து வையுங்க. அதிக நேரம் ஓடுகிற, அதிக தடவை கட்டிய மோட்டார்தான் முதலில் மாற்ற வேண்டியது.

2. புது மோட்டார் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணைப் பாருங்க. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். கடையில் நின்றபடியே இதைச் செய்யலாம். பொருந்தவில்லை என்றால் அதே செயலியில் புகாரும் பதிவு செய்யலாம்.

3. இயந்திரம் வாங்கும்போது கொட்டேஷனில், "மோட்டார் ஐ.இ.3, ஐ.எஸ். 12615 படி" என்று எழுதித் தரச் சொல்லுங்க. வாயால் கேட்பது போதாது. எழுத்தில் இருந்தால்தான் பில்லிலும் வரும்.

4. முக்கியமான மெஷினுக்கு ஒரு ஐ.இ.3 மோட்டாரை முன்கூட்டியே வாங்கி ஸ்பேராக வையுங்க. எரிந்த பிறகு தேடினால் கிடைத்ததைத்தான் வாங்க முடியும்.

5. மாவட்டத் தொழில் மையத்தைக் கேளுங்க. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் எரிசக்தித் தணிக்கை செய்துகொள்ளவும், தணிக்கை சொன்ன கருவிகளை மாற்றவும் பீஸ் என்ற மாநிலத் திட்டத்தின் கீழ் செலவில் ஒரு பகுதி மானியமாகக் கிடைக்கிறது. உச்சவரம்பும் தகுதியும் அவ்வப்போது திருத்தப்படுவதால், மோட்டாரை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்க. 2025ல் மத்திய அரசு தொடங்கிய அடீட்டி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட துறைகளில் உள்ள நிறுவனங்கள் இதற்காக வாங்கும் கடனுக்கு வட்டி மானியம் உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதம், நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதம். விவசாயப் பம்புசெட் வைத்திருப்பவர்கள் மானிய விவரங்களை உழவன் செயலியில் பார்க்கலாம்.

வாங்கும் முன் இரண்டு எச்சரிக்கை

ஒன்று, அளவு. 5 எச்.பி. போதுமான இடத்தில் "இருக்கட்டுமே" என்று 10 எச்.பி. மாட்டினால் ஐ.இ.3ன் பலன் கிடைக்காது. பாதிக்கும் கீழே லோடு இறங்கினால் எந்த மோட்டாரின் திறனும் குறைய ஆரம்பிக்கும். மாற்றும்போது ஆம்பியர் அளந்து பார்த்துச் சரியான அளவைப் போடுங்க.

இன்னொன்று, வேகம். திறன் கூடிய மோட்டார் சில சமயம் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். ஃபேனிலும் சென்ட்ரிஃபியூகல் பம்பிலும் இது முக்கியம். 1,440ல் சுற்றியது 1,460ல் சுற்றினால், அது இழுக்கும் சக்தி சுமார் 4 சதவீதம் கூடும். மிச்சமாக வேண்டியது அங்கே போய்விடும். பெல்ட் டிரைவ் என்றால் புல்லி அளவை மாற்றிச் சரி செய்யலாம். லோடு கூடிக் குறைகிற இடத்தில் வி.எஃப்.டி. போடுவது இன்னும் பெரிய மிச்சம் தரும். இதைச் சொல்லாமல் மோட்டாரை மட்டும் விற்றால், "புது மோட்டார் போட்டும் பில் குறையலையே" என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு ஒரு நல்ல பொருளின் பெயரையே கெடுத்துவிடும்.

கடைசியாக

இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் நாளைக்குக் கொள்முதல் பிரிவிலோ, மெயின்டனன்ஸிலோ உட்காரப் போகிறீர்கள். அரசு அலுவலகத்தில் டெண்டர் ஆவணம் தயாரிக்கிற இடத்துக்கும் சிலர் வருவீர்கள். குடிநீர் பம்புக்கு மோட்டார் வாங்கும்போது வாங்கும் விலையோடு பத்து வருடக் கரண்ட் செலவையும் சேர்த்து எது மலிவு என்று பார்க்கும் பழக்கத்தை அந்த நாற்காலிக்குக் கொண்டுபோங்க.

பட்டறை உரிமையாளர்களுக்குச் சொல்வது இதுதான். சட்டம் ஒரு பக்கம், மானியம் ஒரு பக்கம், சோதனைக்கூடம் ஒரு பக்கம் இருக்கட்டும். கடைக்காரர் எந்த மோட்டாரை அலமாரியில் முன்னால் வைப்பார் என்பதை முடிவு செய்வது வாங்க வருகிறவர் கேட்கிற கேள்வி. அடுத்த தடவை "எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால், "எந்த ஐ.இ.?" என்று கேளுங்க. பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் வாங்கி வைப்பார். நூறு பேர் கேட்டால் தயாரிப்பாளர் தைரியமாகத் தாமிரத்தைக் கூட்டிப் போடுவார். உங்கள் பில்லும் குறையும், ஒழுங்காகத் தொழில் செய்கிறவரும் பிழைப்பார்.